உங்க தோளிலும் ஒரு டெல்டா இருக்கு! மருத்துவ வார்த்தைகளை உடைத்துப் படிப்பது எப்படி?

காரைக்கால் கடற்கரையில் காலையில் ஓடிவிட்டு அப்படியே ஜிம்முக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் 'டெல்ட்ஸ்' என்ற வார்த்தை உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். முழுப்பெயர் டெல்டாய்டு. தோளை மூடியிருக்கும் முக்கோணத் தசை. கிரேக்க எழுத்து வரிசையில் நான்காவது எழுத்தின் பெயர் டெல்டா. பெரிய எழுத்தாக எழுதினால் அது ஒரு முக்கோணம். 'ஆய்டு' என்றால் 'போன்றது'. டெல்டா போன்றது டெல்டாய்டு. அவ்வளவுதான்!

நைல் நதி கடலில் சேரும் இடமும் அதே முக்கோண வடிவில் இருந்ததால் கிரேக்கர்கள் அதையும் டெல்டா என்றார்கள். அந்தப் பெயர் ஊர் ஊராகப் பயணப்பட்டு நம்ம காவிரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அரசலாறு கடலில் கலக்கும் ஊரில் வாழும் உங்களுக்கு, காலுக்குக் கீழேயும் டெல்டா, தோள் மேலேயும் டெல்டா.

ஜிம்மில் இது ஜாலியான தகவல். ஆனால், ஆஸ்பத்திரியில்? அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்-ஆக வருகிறது. கடைசி வரியில் 'கோலிலித்தியாசிஸ்' என்று இருக்கிறது. "என்னடா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்கிறார். வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் கூகுளைத் திறக்கிறீர்கள். மூன்றாவது லிங்க்கிலேயே பயம் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை அந்த நிமிடத்துக்காக. மருத்துவ வார்த்தைகள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்கத் துண்டுகளால் கோத்தவை. அந்தத் துண்டுகளில் முப்பது, நாற்பது தெரிந்தால் ஆயிரக்கணக்கான வார்த்தைகள் வழிவிடும். அதற்கான டெக்னிக் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்ததுதான்.

*வீட்டு வரி ரசீதில் லத்தீன்*

லத்தீன் நமக்கு அந்நியம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம்... எந்த ஊராக இருந்தாலும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இருக்கும். 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் வந்த சொல் அது. பிரெஞ்சு, லத்தீனின் மகள் மொழி. கொம்யூனுக்கு வேர், 'கம்யூனிஸ்' என்ற லத்தீன் சொல். பொருள், பொதுவானது.

இப்போது உங்கள் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் துடிக்கும் ரத்தக்குழாய்க்கு லத்தீனில் 'கரோட்டிஸ் கம்யூனிஸ்' என்று பெயர். மேலே போனதும் இரண்டாகப் பிரிவதால், பிரிவதற்கு முன் உள்ள பகுதி 'பொதுக் குழாய்'. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயை 'கம்யூனிகபிள்' என்பதும் இதே வேர்தான். ஆக, வரி கட்டும்போதே ஒரு மருத்துவச் சொல்லைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வருகிறோம்.

பிரெஞ்சுத் தொடர்பு இதோடு முடியவில்லை. மார்பில் வைத்துப் பார்க்கும் ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் பாரிஸில் உருவாக்கியவர் ரெனே லாயென்னெக். கிரேக்கத்தில் 'ஸ்டெதோஸ்' மார்பு, 'ஸ்கோப்' பார்ப்பது. காதால் கேட்கும் கருவிக்கு 'மார்பு பார்ப்பான்' என்று பெயர்! கல்லீரல் நோயான 'சிரோசிஸ்'க்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தக் கல்லீரல் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்ததால், அந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். 'ஆம்புலன்ஸ்' லத்தீனில் 'நட'. பிரெஞ்சுப் படையோடு நகர்ந்து போன மருத்துவமனையை 'நடக்கும் ஆஸ்பத்திரி' என்றார்கள். அது சுருங்கி வண்டியின் பெயரானது.

பிரெஞ்சு அரசு 1823-ல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அதன் வழி வந்ததுதான் 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற நிறுவனம். 2016 முதல் ஜிப்மரின் காரைக்கால் கிளையில் எம்.பி.பி.எஸ் நடக்கிறது. தமிழ் மீடியத்தில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மருத்துவம் சேருகிறவர்கள் இன்று அதிகம். தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. புதுச்சேரியிலும் 10 சதவிகிதம் வந்துவிட்டது. அவர்களுக்கு முதல் வருடம் அனாட்டமி புத்தகத்தைத் திறந்ததும் வரும் மிரட்சிக்கும் இதே மருந்துதான்.

*பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கா?*

வந்தனன் = வா + த் + த் + அன் + அன். பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி, விகாரம். நன்னூல் வழியில் ஐந்து மார்க்குக்குப் படித்தது. மருத்துவச் சொல்லையும் அப்படியே உடைக்கலாம்.

'கோலிசிஸ்டெக்டமி' என்று ஒரு ஆபரேஷன். உடையுங்கள்: கோலி + சிஸ்ட் + எக்டமி. கோலி என்றால் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக்டமி என்றால் வெட்டி எடுத்தல். பித்தம் + பை = பித்தப்பை. அதை எடுத்துவிடுவது. தமிழில் நாம் கோத்த அதே வரிசையில்தான் கிரேக்கத்திலும் கோத்திருக்கிறார்கள்!

இப்போது அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். கோலி + லித் + இயாசிஸ். 'லித்' என்றால் கல். கல்லச்சை 'லித்தோ' என்று சொன்னது இதனால்தான். 'இயாசிஸ்' ஒரு நிலைமை. பித்தக் கல் இருக்கிறது என்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால், கூகுள் காட்டிய பூதம் அந்த வார்த்தைக்குள் இல்லை.

சாரியை எங்கே என்கிறீர்களா? நடுவில் வரும் 'ஓ' சத்தம்தான். வயிறு 'காஸ்ட்ர்'. அதோடு 'ஸ்கோப்பி' சேரும்போது நடுவில் 'ஓ' நுழைந்து காஸ்ட்ரோஸ்கோப்பி ஆகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் 'ஐட்டிஸ்' சேர்ந்தால் அந்த 'ஓ' தேவைப்படாது, காஸ்ட்ரைட்டிஸ். இந்த 'ஓ'-வுக்குப் பொருள் கிடையாது. வாய்க்கு வசதியாக ஒட்டவைக்கும் பசை.

சந்தியும் உண்டு. மண் + குடம் = மட்குடம், பல் + பொடி = பற்பொடி என்று தமிழில் எழுத்து திரிகிறதே, லத்தீனிலும் அப்படித்தான். நரம்புப் பாடத்தில் 'அஃபெரன்ட்', 'எஃபெரன்ட்' என்று இரண்டு வரும். எது எது என்று குழம்பாத மாணவரே கிடையாது. 'ஆட்' என்றால் 'நோக்கி'. 'ஃபெர்' என்றால் 'சுமந்து செல்'. ஆட் + ஃபெர், திரிந்து அஃபெர்: மூளையை நோக்கிச் செய்தி கொண்டுபோகும் நரம்பு. 'எக்ஸ்' என்றால் 'வெளியே'. எக்ஸ் + ஃபெர், திரிந்து எஃபெர்: மூளையிலிருந்து வெளியே கொண்டுபோவது. தியேட்டரில் 'எக்ஸிட்' போர்டைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் மாறாது.

*ஒரே உறுப்பு, இரண்டு கதவு*

அப்பாவுக்கு 'ரீனல்' டெஸ்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, 'நெஃப்ராலஜிஸ்ட்டை' பாருங்கள் என்கிறார் டாக்டர். இரண்டும் வேறு வேறா? இல்லை. இரண்டும் சிறுநீரகம்தான். லத்தீனில் 'ரென்', கிரேக்கத்தில் 'நெஃப்ராஸ்'.

ஏன் இரண்டு? ஐரோப்பாவில் மருத்துவம் முதலில் வளர்ந்தது கிரேக்க மொழியில். பிறகு ரோமானியர்கள் லத்தீனில் எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் வந்தபோது படிப்பு மொழி லத்தீன். நவீன அனாட்டமிக்கு அடித்தளம் போட்ட வெசேலியஸின் புத்தகம் 1543-ல் லத்தீனில்தான் வெளிவந்தது. அதனால் பெரும்பாலும் உறுப்புகளின் பெயர் லத்தீனிலும், நோய், ஆபரேஷன், துறைகளின் பெயர் கிரேக்கத்திலும் தங்கிவிட்டன. அடிக்கடி வரும் ஜோடிகள் இவை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* சிறுநீரகம்: ரென் (ரீனல்) / நெஃப்ராஸ் (நெஃப்ராலஜி)
* நுரையீரல்: பல்மோ (பல்மனரி) / நியூமான் (நிமோனியா)
* தோல்: குட்டிஸ் (சப்குட்டேனியஸ் ஊசி, அதாவது தோலுக்கு அடியில் போடுவது) / டெர்மா (டெர்மடாலஜி)
* ரத்தம்: சாங்குவிஸ் / ஹைமா (ஹீமோகுளோபின், அனீமியா)
* கருப்பை: யூட்டரஸ் / ஹிஸ்டெரா (ஹிஸ்டரெக்டமி)
* எலும்பு: ஆஸ் / ஆஸ்டியான் (ஆஸ்டியோபோரோசிஸ்)
* சிறுநீர்: யூரினா (யூரின்) / ஊரான் (யூராலஜி)

கடைசி ஜோடியில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு போனஸ். வயலுக்குப் போடும் யூரியாவும், ரத்தப் பரிசோதனையில் வரும் 'பிளட் யூரியா'வும் ஒரே பொருள், ஒரே வேர். அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சிறுநீரில்தான்.

பெயர்களில் ஒரு காலத்தில் பெரிய குழப்பமும் இருந்தது. நாட்டுக்கு நாடு, புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறாக, சுமார் 50,000 பெயர்கள் புழங்கின. 1895-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூறியலாளர்கள் கூடி, அவற்றை ஐயாயிரத்துச் சொச்சம் லத்தீன் பெயர்களாகக் குறைத்தார்கள். லத்தீன் யாருடைய வீட்டுப் பேச்சுமொழியும் அல்ல. அதனால் சொல்லின் பொருள் தெருவில் மாறாது. இது ஒரு பெரிய வசதி.

*உடம்புக்குள் ஒரு பட்டறை*

பெரிய பெயர்கள் என்று மிரட்டுபவை, உண்மையில் அன்றாடப் பொருள்களின் பெயர்கள்தான். எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், 'இது எதைப் போல இருக்கு?' என்று கேட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

காரைக்கால்காரர்களுக்கு எலும்புப் பாடம் புதிதும் இல்லை. நம் ஊர் அம்மையாரின் சோழர் காலச் சிலைகளைப் பாருங்கள். தசை வற்றி, விலா எலும்புகளும் காறை எலும்பும் தெளிவாகத் தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் காறை எலும்பிலிருந்தே தொடங்கலாம். காறை என்பது கழுத்தில் அணியும் ஒரு நகை. நகை படியும் இடத்து எலும்புக்குத் தமிழில் நகையின் பெயர். லத்தீனில் அதே எலும்பு 'கிளாவிகிள்'. பொருள், சின்னச் சாவி.

* பட்டெல்லா: முழங்கால் மூட்டின் முன்னால் இருப்பது. லத்தீனில் 'சின்னத் தட்டு'. நாம் முழங்கால் சில்லு என்கிறோம். பாண்டி விளையாட எடுப்போமே, அந்தச் சில்லு.
* டிம்பானம்: காதுக்குள் இருக்கும் சவ்வு. பொருள், முரசு. தமிழில் செவிப்பறை. இரண்டு மொழியும் ஒரே தோல் கருவியைத்தான் நினைத்திருக்கின்றன.
* மல்லியஸ், இன்கஸ், ஸ்டேப்ஸ்: நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி. தமிழ்ப் பாடப்புத்தகம் இவற்றை அப்படியே மொழிபெயர்த்துவிட்டது.
* டிபியா: கணைக்காலின் பெரிய எலும்பு. லத்தீனில் புல்லாங்குழல் போன்ற ஊதுகருவிக்கும் இதே பெயர்.
* ஃபிபுலா: அதன் பக்கத்தில் மெல்லிசாக இருக்கும் எலும்பு. பொருள், உடையில் குத்தும் ஊக்கு.
* பெல்விஸ்: இடுப்பெலும்பு. பொருள், அகன்ற பாத்திரம்.
* காக்சிக்ஸ்: முதுகெலும்பின் கடைசி நுனி. கிரேக்கத்தில் குயில். குயிலின் அலகு போல வளைந்திருப்பதால்.
* செரிபெல்லம்: 'செரிப்ரம்' மூளை. 'எல்லம்' சேர்ந்தால் சின்னது. நம்ம சிறுமூளை!
* பைசெப்ஸ்: 'பை' இரண்டு, 'செப்ஸ்' தலை. இரண்டு தலை உள்ள தசை. ட்ரைசெப்ஸ் மூன்று, க்வாட்ரிசெப்ஸ் நான்கு. தலை என்ற இதே லத்தீன் வேரிலிருந்துதான் கேப்டனும் கேப்பிட்டலும் வந்தன. நாமும் தலைவர், தலைநகர் என்கிறோம்.

தசைக்கே 'மஸில்' என்று ஏன் பெயர்? லத்தீனில் 'முஸ்குலஸ்' என்றால் சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கு அடியில் எலி ஓடுவது போல இருக்கிறதாம். கடற்கரைக்காரர்களான நமக்கோ மீன்தான் கண்ணில் படுகிறது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருப்பது கெண்டைக்கால்.

எல்லாவற்றிலும் அழகான ஒற்றுமை கண்ணில் இருக்கிறது. லத்தீனில் 'பியூபில்லா' என்றால் சின்னப் பெண், பொம்மை. ஒருவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் குட்டியாகத் தெரியும் இல்லையா, அதனால் கண்ணின் நடுவில் இருக்கும் கருமைக்கு 'பியூபில்' என்று பெயர். தமிழில் 'பாவை' என்ற சொல்லுக்கும் பெண், பொம்மை, கண்மணி என மூன்று பொருளும் உண்டு. திருக்குறளிலேயே அந்தப் பொருளில் வருகிறது. கடல் கடந்து இரண்டு மொழிகள் ஒரே கண்ணுக்குள் ஒரே பொம்மையைப் பார்த்திருக்கின்றன.

வேறுபாடும் சுவாரஸ்யம்தான். புற்றுநோய்க்கு லத்தீனில் 'கேன்சர்', நண்டு. கட்டியைச் சுற்றிக் கால்கள் விரிந்தது போல ரத்தக்குழாய்கள் தெரிந்ததாகப் பழைய மருத்துவர்கள் எழுதினார்கள். ராசிபலனில் 'கேன்சர்' என்றால் கடகம் வருவதும் இதனால்தான். தமிழோ கரையான் புற்றைப் பார்த்துப் பெயர் வைத்தது.

*கடைசித் துண்டு ரொம்ப முக்கியம்!*

தமிழில் விகுதியைப் பார்த்தால் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்று தெரிவதுபோல, மருத்துவச் சொல்லின் கடைசித் துண்டு என்ன நடக்கிறது என்று சொல்லும். அதனால் ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள்.

* ஐட்டிஸ்: அழற்சி, வீக்கம். டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் (மூட்டு), ஹெபடைட்டிஸ் (கல்லீரல்).
* ஆல்ஜியா: வலி. மயால்ஜியா என்றால் தசை வலி.
* மெகாலி: பெருத்திருத்தல். ஹெபட்டோமெகாலி என்றால் கல்லீரல் பெருத்திருக்கிறது. 'மெகா சீரியல்' மெகாதான்.
* ஈமியா: ரத்தத்தில். யூரியா என்று முடிந்தால்: சிறுநீரில். ஹீமட்யூரியா என்றால் சிறுநீரில் ரத்தம்.
* ஓமா: கட்டி, திரட்சி. லிப்போமா கொழுப்புக் கட்டி. ஹீமட்டோமா ரத்தம் கட்டிக்கொள்வது. இரண்டும் புற்றுநோய் அல்ல. கார்சினோமா, சார்கோமா, லிம்ஃபோமா, மெலனோமா ஆகியவை புற்றுநோய். 'ஓமா' பார்த்ததும் அலறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.
* ஸ்கோப்பி: உள்ளே பார்த்தல்.
* பிளாஸ்டி: சீரமைத்தல். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பதில் பிளாஸ்டிக் பொருளுக்கு வேலை இல்லை. உருக்கொடுத்தல் என்ற வேர்தான்.
* ஆட்டமி: வெட்டித் திறத்தல். ஆஸ்டமி: வாய் அல்லது துளை அமைத்தல். எக்டமி: வெட்டி எடுத்துவிடுதல்.

இந்தக் கடைசி மூன்றை இன்னொரு முறை படியுங்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்கும் ஒப்புதல் படிவத்தில் இவைதான் வரும். லேப்பராட்டமி என்றால் வயிற்றைத் திறப்பது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய் அமைப்பது. அதன் பிறகு கொஞ்ச காலமோ, நிரந்தரமாகவோ வயிற்றில் ஒரு பையோடு இருக்க வேண்டியிருக்கும்.

கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி உள்ள பெண்ணிடம் இரண்டு பெயர்கள் சொல்லப்படலாம். 'மயோமெக்டமி': மயோமா + எக்டமி. கட்டியை மட்டும் எடுப்பது, கருப்பை இருக்கும். 'ஹிஸ்டரெக்டமி': ஹிஸ்டெரா + எக்டமி. கருப்பையையே எடுப்பது, இனி கருத்தரிக்க முடியாது. முடிவு இரண்டிலும் ஒன்றுதான். முன்னால் உள்ள துண்டில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிவு இருக்கிறது. "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. அக்காவோ அத்தையோ தயங்கினால், நீங்கள் கூட இருந்து கேளுங்கள்.

*ஹைப்போவா, ஹைப்பரா?*

முன்னொட்டிலும் உஷார் தேவை. கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேல், அதிகம். 'ஹைப்போ' என்றால் கீழ், குறைவு. போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு எளிய வழி: ஹைப்'போ'வில் ஒரு 'போ' இருக்கு. கீழே போ!

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் தாத்தாவுக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது 'ஹைப்போகிளைசீமியா'வாக இருக்கலாம். ஹைப்போ + கிளைஸ் + ஈமியா: குறைவு, சர்க்கரை, ரத்தத்தில். அளவு 70-க்குக் கீழே இறங்கினால் இந்தப் பெயர். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ ஜூஸோ கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதையே 'ஹைப்பர்' என்று தப்பாகக் கேட்டுவிட்டு, 'சுகர் ஏறிடுச்சாம், இனிப்பு கொடுக்காதே' என்று தடுத்துவிட்டால்? ஒரு எழுத்து வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிகிறதா?

இன்னும் சில முன்னொட்டுகள்: 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு (டாக்கிகார்டியா, பிராடிகார்டியா: இதயத் துடிப்பு வேகமாக, மெதுவாக). 'அ' அல்லது 'அன்' இன்மை (அனீமியா). 'டிஸ்' சிரமம் (டிஸ்னியா என்றால் மூச்சுத்திணறல்). 'போஸ்ட்' பிறகு. 'இன்ட்ரா' உள்ளே, 'இன்டர்' இடையே. 'சப்' கீழே, 'சப்வே'யில் வருவதுதான்.

*மருந்துச் சீட்டின் ரகசிய மொழி*

டாக்டர் சீட்டின் தொடக்கத்தில் 'ஆர்' எழுத்தின் காலில் ஒரு கோடு போட்டிருப்பாரே, அது 'ரெசிபே' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். பொருள், 'எடுத்துக்கொள்'. சமையல் ரீல்ஸில் வரும் 'ரெசிபி'யும் அதே சொல்தான்!

* ஓ.டி: தினம் ஒரு வேளை. ஆனால், கண் டாக்டர் சீட்டில் இதுவே 'வலது கண்' (ஓ.எஸ் இடது கண்). சொட்டு மருந்தில் குழப்பம் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.
* பி.டி: தினம் இரண்டு வேளை. டி.டி.எஸ்: மூன்று வேளை.
* ஏ.சி: சாப்பாட்டுக்கு முன். பி.சி: சாப்பாட்டுக்குப் பின். கடிகாரத்தின் ஏ.எம், பி.எம்-மில் வரும் 'ஆன்டே', 'போஸ்ட்'தான் இங்கும் முன், பின்.
* ஹெச்.எஸ்: தூங்கப் போகும் நேரத்தில்.
* எஸ்.ஓ.எஸ்: தேவைப்பட்டால் மட்டும். தினமும் போட வேண்டிய மாத்திரை அல்ல.
* ஸ்டாட்: உடனே.

*தமிழில் சொன்ன டாக்டர்*

'இதெல்லாம் தமிழில் முடியாது' என்று யாராவது சொன்னால், நாகப்பட்டினத்துக்கு நேர் எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த கதையைச் சொல்லுங்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழ் கற்றுக்கொண்டு மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என்று பாடநூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழில் கொண்டுவந்தார். அங்காதிபாதம்தான் அனாட்டமி.

அவர் முறை எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவது, இல்லையென்றால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. பொருள் புரியாத சொல்லை மனப்பாடம் செய்யும் மாணவனைவிட, பொருள் தெரிந்த மாணவன் நோயாளியிடம் நன்றாகப் பேசுவான். இன்றைய எம்.பி.பி.எஸ் மாணவருக்கும் அது பொருந்தும். 'நெஃப்ரெக்டமி' என்று பரீட்சையில் எழுதுங்கள். வார்டில் "ஒரு சிறுநீரகத்தை எடுக்கணும்மா" என்று சொல்லுங்கள்.

*ஒரு எச்சரிக்கை*

வேர்ச்சொல், அந்தப் பெயர் வைத்த காலத்தின் நம்பிக்கையையும் சேர்த்துச் சுமக்கும். 'மலேரியா' இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. கொசுதான் காரணம் என்று பிறகே தெரிந்தது. 'ஹிஸ்டீரியா', கருப்பை என்ற வேரிலிருந்து வந்தது. பெண்ணின் மனக் கஷ்டத்துக்கெல்லாம் கருப்பைதான் காரணம் என்ற பழைய எண்ணத்தின் மிச்சம். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1980-ல் அந்த நோய்ப்பெயரை விட்டுவிட்டது. கண்ணில் வரும் 'கிளாக்கோமா' 'ஓமா'வில் முடிந்தாலும் கட்டி இல்லை. ஆக, சொல்லை உடைத்தால் எந்த உறுப்பு, என்ன மாதிரி பிரச்னை என்று தெரியும். எவ்வளவு தீவிரம், என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, ஒரு குட்டி டெஸ்ட். மேலே போய்ப் பார்க்காமல் உடையுங்கள்: நெஃப்ரோலித்தியாசிஸ், கார்டியோமெகாலி, டெர்மடைட்டிஸ்.

சிறுநீரகக் கல், பெருத்த இதயம், தோல் அழற்சி. மூன்றும் வந்ததா? அப்படியானால் அடுத்த முறை ரிப்போர்ட் வந்து, "என்னடா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்கும்போது, கூகுளுக்கு முன் நீங்களே கடைசித் துண்டிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். படித்ததும், டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை போனில் நோட் பண்ணிக்கொண்டு அம்மாவோடு கிளம்புங்க.